பள்ளத்தூரிலிருந்து மூன்று பேர்

கண்மாய்க் கரை அளப்பது என் வேலை.
மடைக்கும் கலுங்குக்கும் நடுவே
ஒரு சாண் இறக்கம் இருந்தால்
அதை நான்கு முறை சரிபார்ப்பேன்.
ஒரு சாணுக்காக இரண்டு ஊர்கள்
கோர்ட்டுக்குப் போனதைப் பார்த்தவள் நான்.

இந்த வரைபடத்திலோ
ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நாற்பது மீட்டர்.
அதுவும்
சீப்பில் சிக்கிய முடிபோல அடைந்து கிடக்கின்றன கோடுகள்.
பதினாறு தாளில் அச்செடுத்து
பின்பக்கம் டேப் ஒட்டி
ராவியத்தின் மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டுத்
தரையில் விரித்தோம்.
மூன்றாம் நாளின்மேல் ஓர் இருமல் மருந்துப் பெட்டி இருந்தது.
நகர்த்தினோம்.

தேனப்பன் பழனிக்குப் பதினேழு வருஷம் நடந்தவர்.
குன்றக்குடி, மருதுபட்டி, சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம்
என்று தூக்கத்திலும் ஒப்பிப்பார்.
வழி என்றால் அவருக்குத் தங்கல்தான்.
நான் விரலை ஓட்டிச் சொன்னேன்:
முதல் நாள் ஓர் ஊர், ஏழு வீடு.
இரண்டாம் நாள் ஓர் ஊர், கோடையில் மட்டும் ஆள் இருக்கும்.
மூன்றாம் நாள் ஊரே கிடையாது,
ஆட்டுக்காரர்கள் அடுக்கிய கல்.
நான்காம் நாள் கணவாய்.
"அங்கெ பானகம் யாரு தருவாக?" என்றார்.
சிரிக்காமல்தான் கேட்டார்.

வெறுங்காலில் வருகிறேன் என்று அவர் சொன்னதிலேயே
ஒரு மாதம் போயிற்று.
பனியைக் காட்டினோம்.
"உச்சிவெயில் தார் ரோட்டைவிடவா?"
கடைசியில் ராவியத்
குளிரில் கருத்துப்போன கால்விரல் ஒன்றின் படத்தை
அவர் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தாள்.
மறுநாள் காரைக்குடி போய் பூட்ஸ் வாங்கினார்.
இப்போது அதைப் போட்டுக்கொண்டேதான்
கடையில் ஆணி நிறுக்கிறார்.

பயிற்சிக்கு மேடு வேண்டும்.
இந்தப் பக்கம் மேடு என்றால் குன்றக்குடிதான்.
முதுகில் பதினோரு கிலோ பொன்னி அரிசி.
விடியுமுன் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இறங்கி,
ஆறாவது தடவையில் பூக்காரர் கேட்டார்:
"என்ன வேண்டுதல் ஆத்தா?"
பதில் சொல்ல மூச்சில்லை.
காசு வாங்காமல் ஒரு முழம் மல்லிகையைப்
பையின் வாரில் கட்டிவிட்டார்.

ராவியத் மாத்திரை எண்ணுகிறாள்.
தலைவலிக்கு, வாந்திக்கு, உயரத்துக்கு.
மூன்று உறை, மூன்று பெயர்.
தன் பெயரை எழுதும்போது பேனா நின்றது.
பன்னிரண்டு நாள் கடையை மூடியதே இல்லை,
வாப்பா மௌத்தானபோதுகூட
நாலாம் நாள் திறந்தேன் என்றாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தேனப்பன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டினார்.

நேற்றிரவு போன் கிடைத்தது.
ஏழு வீட்டில் ஒரு வீடு, தீபா ரௌதேலா.
என் இந்தி, தபாலில் போன அப்பளம்.
மூன்று பேர், ஓர் இரவு, ஒருவர் சைவம்,
இவ்வளவு சொல்வதற்குள் வேர்த்துவிட்டது.
அந்தப் பக்கம் மணிச்சத்தம், மாடாக இருக்கும்.
அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:
உங்கள் ஊர் எவ்வளவு உயரம்?

நூறு மீட்டர்கூட இல்லை என்றேன்.
நம்பாமல் திரும்பச் சொல்லச் சொன்னார்.
உள்ளே யாரிடமோ அதைச் சொல்லிச் சிரித்தார்.
ஊர்ப் பெயர்?
பள்ளத்தூர்.
அப்படியென்றால்?
பள்ளத்துக்கு இந்தி தெரியவில்லை.
உள்ளங்கையைக் குழித்துப்
போனிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது:
அப்படியானால் இரண்டு இரவு இங்கே இருங்கள்,
உடம்பு மெதுவாக ஏறி வந்து
உங்களோடு சேரட்டும்.

பேனாவில் எழுதியிருந்த இரண்டாம் நாளை
எச்சில் தொட்டு அழித்தேன்.
கூடவே நாற்பது மீட்டர் மலையும்
நீலமாகக் கலங்கி விரலில் வந்துவிட்டது.

பன்னிரண்டு இனிப் பதிமூன்று.
ராவியத்திடம் இன்னும் சொல்லவில்லை.