இரண்டாம் சுற்று

கோஷிட்ஸே மாரத்தானில் இரண்டு சுற்று.
ஒரே ஊரை ஒரே காலையில்
இரண்டு தடவை ஓடவேண்டும்.
இருபத்திரண்டு வருஷம் இந்தத் தெருக்களில்
ஆறாம் நம்பர் டிராம் ஓட்டியவளுக்கு
இதெல்லாம் ஒரு தூரமா
என்றுதான் பெயர் கொடுத்தேன்.

முதல் சுற்றில்
நிறுத்தம் வரும்போதெல்லாம் கால் தயங்கியது.
ஆஸ்பத்திரி வாசலில் இருபது விநாடி.
சின்னப் பையும் பெரிய வயிறுமாக இறங்குவார்கள்.
நாலைந்து நாள் கழித்து ஏறுவார்கள்
கை நிறைய, அல்லது வெறுங்கையாக.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டு
அதற்கேற்ப வண்டியை எடுப்பேன்.

நீதிமன்ற வாசல்.
நானும் அங்கே இறங்கியிருக்கிறேன், பயணியாக,
அன்று மட்டும் டிக்கெட் எடுத்து.

பூங்கா முனையில் இம்ரிக் ஏறுவான்
உருக்காலையின் இரவு ஷிஃப்ட் முடிந்து,
நகக்கண்ணில் கரியோடு.
ஓட்டுநரிடம் பேசாதீர் என்ற பலகைக்கு மரியாதை தந்து
என் முதுகுப்பக்கக் கண்ணாடியில் மூச்சை ஊதி
விரலால் எழுதுவான்,
மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் நான் வாசிக்க வாகாக
எழுத்தை இடவலம் மாற்றி.
பெரும்பாலும் ரொட்டி தீர்ந்த சேதி.
ஒரே ஒருமுறை வேறு.
அந்த ஒருமுறைக்காகப் பதினோரு வருஷம்.

இரண்டாம் சுற்றில்
ஊர் சுருங்கிவிட்டது.
ஆஸ்பத்திரி வெறும் மேடு.
நீதிமன்றத்தில் வாழைப்பழம் தந்தார்கள்.
பூங்கா முனையில், இம்ரிக் நிற்கவேண்டிய இடத்தில்,
என் இடது முழங்கால் நின்றது.
ஓஸ்ட்ராவாவில் எவளோடு இருக்கிறானோ,
அவளுக்கும் முழங்கால் இருக்கும்.

முப்பத்தெட்டாம் கிலோமீட்டரில்
நான் கூப்பிடாத ஒருவன் வந்தான்.
பெயர் தெரியாது.
ஒரு ஜனவரி, ரயிலடி நிறுத்தம்.
ஒரு கையில் கேக் பெட்டி, மறுகையை உயர்த்தியபடி
பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தான்.
நான் இரண்டு நிமிஷம் தாமதம்.
கதவை மூடினேன்.
பக்கக் கண்ணாடியில் தெரிந்தது:
பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு
முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றான்.
அப்புறம் ஒரு வளைவு. அவ்வளவுதான்.

அத்தனை வருஷத்தில் ஒருநாளும்
நினைத்ததில்லை அவனை.
இப்போது அதே இடத்தில், அதே குனிவில்
என் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
அந்தக் கேக்கில் யார் பெயர் எழுதியிருந்ததோ.

தடுப்புக்கு அப்பால்
எங்கள் ஓட்டத்துக்காக நிறுத்திவைத்த ஒரு டிராம்.
ஆறாம் நம்பர்.
உள்ளே இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்,
நியாயம்தான்.
ஓட்டுநர் இருக்கையில் ஹென்ரியெட்டா.
என்னைக் கண்டுகொண்டு
மணியை இரண்டு தட்டுத் தட்டினாள்.
எங்கள் டிப்போ பாஷையில் அதற்கு
கிளம்பப்போகிறேன் என்று அர்த்தம்.

நிமிர்ந்தேன்.
ஒரு கையை உயர்த்தியபடி
ஓட ஆரம்பித்தேன்.