ரசீது எண் 214

அந்த வசந்தத்தில் கடைக்கு வந்த துணியெல்லாம்
தும்ம வைத்தது.
சியோலில், பல்கலைக்கழகப் பின்வாசலுக்கு எதிரே
சலவைக்கடை வைத்திருப்பவளுக்கு
அரசியல் மூக்கு வழியாகத்தான் வரும்.
கண்ணீர்ப்புகைத் தூள் காலரில் இருக்கும்,
பைக்குள் நசுங்கிய பேருந்துச் சீட்டில்கூட இருக்கும்.
முதலில் உதற வேண்டும், தெருவில், காற்றுக்கு முதுகு காட்டி.
பிறகு குளிர்ந்த தண்ணீர்.
வெந்நீர் விட்டால் கடையே அழும்.
கண்ணுக்கடியில் பற்பசை பூசிக்கொண்டு போவார்கள் பிள்ளைகள்,
எரிச்சல் தெரியாதாம்.
அந்த வெள்ளைக் கறை வேறு. அதற்கு வினிகர்.

கிசொப், இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு.
மார்ச்சில் குளிர்காலக் கோட்டைக் கொண்டுவந்து போட்டான்.
காசு அப்புறம் என்றான்.
அன்றைக்கே அவன் கட்டம்போட்ட சட்டைக்கு
மூன்றாவது பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன்.
வெள்ளை நூல் தீர்ந்திருந்தது, நீலத்தில் தைத்தேன்.
"யார் பார்க்கப் போகிறார்கள்?"

நான் பார்த்தேன்.
மே மாதம், இரண்டாவது செவ்வாய்.
வெள்ளைத் தலைக்கவசக்காரர்களில் ஒருவன்
(சீருடை கிடையாது அவர்களுக்கு, ஜீன்ஸ்தான்,
ஓடுகிறவர்களைப் பிடித்து வேனில் ஏற்றுவது வேலை)
ஜாக்கெட்டை மேசைமேல் வைத்தான்.
இருபத்து மூன்று இருக்கும்.
அவனும் தும்மினான்.
அவன் போனபின் கைமடிப்பைப் பிரித்தேன்:
பொத்தான்,
அதோடு நகமளவு கட்டம்போட்ட துணி,
நீல நூல்.
என் முடிச்சு எனக்குத் தெரியும்,
இரண்டு சுற்று, ஒரு குறுக்கு.

ஜாக்கெட்டைத் துவைத்தேன்.
இஸ்திரி போட்டேன்.
வெள்ளிக்கிழமை வந்தான்.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

ஜூனில் ஊரே தெருவில் இறங்கிவிட்டது.
அலுவலகக்காரர்கள் டையைத் தளர்த்திக்கொண்டு வந்தார்கள்.
டாக்ஸிகள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
பிள்ளைகள் முகம் துடைக்கட்டுமென்று
ஆறாவது மாடியிலிருந்து காகிதச் சுருள்களை வீசினாள்
யாரோ ஒரு தட்டச்சுப் பெண்.
மாதக் கடைசியில் மேலே இருந்தவர்கள் கீழே வந்தார்கள்:
இனி ஜனாதிபதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.
அன்று ஒருநாள் நான் யாரிடமும் காசு வாங்கவில்லை.
டிசம்பர்க் குளிரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன்.
எங்கள் பக்கம் இரண்டு பேர் நின்றார்கள்,
ஓட்டு இரண்டாய்ப் பிளந்தது.
பழைய தளபதியின் தோழரே வென்றார்,
அவரும் தளபதிதான்.
கறை போயிற்றா என்று கேட்டால்
எங்கள் தொழிலில் சொல்வது ஒன்றுதான்:
காயட்டும், தெரியும்.

சிறையிலிருந்து சிலர் வந்தார்கள்,
கால் வைக்கும் விதமே மாறியிருந்தது.
கிசொப் விசாரணையில் இருக்கிறான் என்றார்கள்,
பிறகு ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றார்கள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு உண்டு:
மூன்று மாதத்தில் எடுக்காத துணிக்கு நாங்கள் பொறுப்பல்ல.
அதன்மேல் நாள்காட்டியை மாட்டினேன்.

இன்று அவன் தாய் வந்தாள்.
தெற்கிலிருந்து, இரவு ரயிலில்.
ரசீது இல்லை, மகன் பெயர் மட்டும் இருந்தது.
கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.
பிளாஸ்டிக் உறையைக் கிழித்து முகத்தைப் புதைத்தாள்.
கழுத்தில், கக்கத்தில், பையின் உட்புறத்தில்
தேடித் தேடி முகர்ந்தாள்.
நிமிர்ந்து,
"ஏன் துவைத்தீர்கள்?" என்றாள்.

இருபது வருடத்தில் யாரும் கேட்காதது.

இழுப்பறையைத் திறந்தேன்.
பொத்தானைக் கொடுத்தேன்.
அந்த நகமளவுத் துணியை நான் துவைக்கவில்லை,
அதை மட்டும்.
யாருடையது என்று அவள் கேட்கவில்லை.
"யார் துணியில் இருந்தது?"

செவ்வாய்க்கிழமை.
அவன் சாயங்காலம் வருவான்,
இப்போதெல்லாம் சூட் கொண்டுவருகிறான்.
ரசீதுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது,
அவன் கையெழுத்திலேயே.
மே மாதத்தைத் தேடுகிறேன்.
விரல் எப்போதும் ஈரம் எனக்கு,
தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன.