வரிசை மாறினாலும்

ஆறரைக்குப் பயிற்சி முடியும்.
விளையாட்டுச் சாமான் அறையை ஒட்டிய வகுப்பில்
நான் காத்திருப்பேன்.
மணிக்கு எழுபது ரூபாய், கல்லூரி கொடுப்பது.
மார்ச்சில் மொத்தமாக வரும் என்கிறார்கள்.

பவதாரணி வருவாள், முழங்கை வரை சேறு.
இந்த ஐப்பசியில் மன்னார்குடி மைதானத்தில்
நாற்று ஒன்றுதான் நடவில்லை.
இருவருக்கும் இரண்டாம் வருடம்.
அவளுக்குப் புள்ளியியல் அரியர், இரண்டு முறை.
"சிக்மாவப் பாத்தாலே கோழி கிறுக்குன மாதிரி இருக்கு"
என்பாள்,
ஏழு பேர் நிற்கிற களத்துக்குள்
ஒரே மூச்சில் போய்த் தொட்டுத் திரும்புகிறவள்.

புத்தகக் கணக்கில் யாரோ குடை விற்றார்.
மூன்றாவது குடையில் தூங்கிவிட்டாள்.
எழுப்பினேன்.
குடை வேண்டாம், உன் கணக்கைப் போடுவோம்.
கடைசி ஆறு ஆட்டம், ரெய்டில் எத்தனை புள்ளி?

யோசிக்காமல் சொன்னாள்:
ஒன்பது, எட்டு, ஆறு,
மூன்று, இரண்டு, இரண்டு.

சராசரி ஐந்து.
ஐந்து அவள் எந்த ஆட்டத்திலும் எடுத்ததில்லை,
அதில் அவளுக்கு ஒரு சிரிப்பு.
விலக்கங்களை வர்க்கமாக்கி, கூட்டி, வகுத்து,
இரண்டு புள்ளி எட்டு மூன்று என்று
தானாகவே வந்து சேர்ந்தபோது
மணி ஏழு இருபது.

நான் விடையைப் பார்க்கவில்லை.
ஆறுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த
காற்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"இங்க என்ன ஆச்சு?"

தகரத்தில் மழை.
"நாகப்பட்டினம் மேட்ச்."
பேனாவை மூடினாள், திறந்தாள்.
"எடது முட்டி. மேடத்துக்குத் தெரியாது.
ஜனவரியில செலக்‌ஷன்."

இதே நோட்டில்தான் வெள்ளிக்கிழமை தோறும்
பாடம் நடந்ததற்கு மேடம் கையெழுத்துப் போடுவார்.
ஆட்டங்கள் அவருக்கு மனப்பாடம்.

கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்தவள்
பக்கத்தைக் கிழித்தாள்.
புதிதாக எழுதினாள்:
இரண்டு, ஒன்பது, மூன்று, எட்டு, இரண்டு, ஆறு.
என் உதவி கேட்காமல்
கடைசி வரி வரை போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.
"வரிசைய மாத்துனாலும் அதே விடைதான் வருது, இல்ல?"

மூன்று வாரமாக நான்
புரியவைக்கப் பார்த்தது அதைத்தான்.
ஆமாம் என்றேன்.
சிவப்பில் ஒரு டிக் போட்டேன்,
கை கொஞ்சம் கோணியது.

எட்டு பத்து, தஞ்சாவூர் பஸ்.
வடுவூரில் அவள் இறங்கினாள்,
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக.
விசிலை வாயில் வைத்தபடி
கண்டக்டர் காத்திருந்தார்.
முப்பது விநாடிக்குள்தான் இருக்கும்.