ரசீது எண் நாற்பத்தொன்று

ராணிப்பேட்டை சிப்காட்.
ஷூ கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஸ்கூட்டி சீட்டுதான் மேசை.

தையல் லைனிலிருந்து ஏழு பேர்.
சொல்யூஷன் காய்ந்த கட்டைவிரலை
ஓவர்கோட்டில் தேய்த்துத் தேய்த்து
ரேகையைத் தேடினாள் கன்னியம்மா.
"தோலு உரிஞ்சாதான்டி வரும்."
சிரிப்பு.

கடைசியாக எஸ்தர்.
போன பங்குனியில்
எங்கள் பேரையெல்லாம்
சூப்பர்வைசரிடம் கொடுத்தவள்.

சிரிப்பு நின்றது.
ஆற்காடு பஸ் ஹாரன் அடித்தது,
யாரும் ஓடவில்லை.

"சந்தா இருபது" என்றேன்.
பத்துதான் இருந்தது அவளிடம்.
மீதியை வைத்தவள் ஜபீன்,
அந்தப் பங்குனியில்
பதினோரு நாள் கேட்டுக்கு வெளியே நின்றவள்.
முகத்தைப் பார்க்காமல்தான் வைத்தாள்.

எழுதினேன்.
எட்டிப் பார்த்து,
"இனிஷியல் விட்டுட்டீங்கக்கா" என்றாள் எஸ்தர்.

அன்றைக்கு
எங்களில் ஒருத்தி இனிஷியலையும்
அவள் விட்டிருக்கவில்லை.

போட்டேன்.