பதினெட்டு வோல்ட்

இரண்டிலும் பதினெட்டு என்றுதான் எழுதியிருக்கிறது.
ஒன்று கைப்பிடிக்குள் காலை விட்டு ஏறும்.
மற்றது அடியில் தண்டவாளம் பிடித்து வழுக்கி வரும்.
ஒரே கொம்பனி, ஒரே பச்சை.
ஒரு தகப்பனின் இரண்டு தாரத்துப் பிள்ளைகள்போல
முகத்தில் தெரியும்,
பேச்சுவார்த்தை இல்லை.

பீல் நகரம், சனிக்கிழமை, நாலாம் மாடி.
காலையில் கதவைத் திறந்த மதாம் ரொசெலே
துப்புரவுக்கு வந்தவள் என்று எனக்கு வாளியைக் காட்டினார்.
இப்போது கோப்பி தருகிறார்.
இன்றைக்கு முடியுமா என்று அவர் பிரெஞ்சில் கேட்க
அதையே கணவர் ஜெர்மனில் கேட்கிறார்.
இந்த ஊரில் எந்தக் கேள்வியும் இரண்டு தடவை வரும்.

பெஸ்னிக்கின் மெசின் புதுசு.
என்னுடையதுக்குப் பதினொரு வயது,
இருநூற்றுப் பதினேழு குசினி.
பிடியின் ரப்பர் தேய்ந்து
என் பெருவிரலின் அச்சாகிவிட்டது.
பற்றரிகள் இரண்டும் போன மாரியோடு சரி.
சார்ஜரில் பச்சை எரியும்,
ஆறு ஆணி முறுக்கினால் இருமும்.

"இந்த மாதிரிக்கு இனிப் பற்றரி வராது" என்றான்
நிடாவ் கடைக்காரன்.
"இரண்டு பற்றரி எடுங்கள், புது மெசின் சும்மா வரும்."
குதிரை வாங்கினவன் கொள்ளு தேடிப் போனது அந்தக் காலம்.
இங்கே கொள்ளு வாங்கினால் குதிரை இலவசம்.
நான் அசையாமல் நின்றேன்.
தட்டின் கோடியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்தான்.
மேலே பழைய கால், கீழே புதிய தண்டவாளம்.
இருபத்தொன்பது பிராங்க்.
"புதுப் பற்றரி பழைய மெசினுக்குப் போகும்.
பழையது புதியதுக்குப் போகாது."
விசா அலுவலகத்திலும் இப்படித்தான் சொன்னார்கள்,
ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவை
வாசல் என்று.

பெஸ்னிக்கின் பற்றரியை இரவல் வாங்கிப் பூட்டினேன்.
கிளிக்.
பதினொரு வருஷத்தில் அது இப்படி ஓடினதில்லை.
பலகை வெண்ணெயாகியது.
இருபத்திரண்டு பிணைச்சல், மூச்சு விடாமல்.
பெஸ்னிக் அல்பேனிய மொழியில் ஏதோ சொல்லி விசிலடித்தான்.

பழைய பற்றரி சொல்லிக்கொண்டு சாகும்.
சத்தம் தடிக்கும், சுழற்சி தளரும்,
கைக்கு விளங்கும்.
புதியது கடைசிச் சொட்டுவரை ஒரே முகம்.
நிறுத்து என்று அதற்குச் சொல்வது மெசின்.
அதற்கென்று உள்ளே ஒரு மூன்றாவது கம்பி உண்டு,
புது மெசினில்.
என்னுடையதைப் பிறகு கழற்றிப் பார்த்தேன்.
அந்த இடத்தில் வெறும் பிளாஸ்ரிக்.
போதும் என்பதைப் பழகாமலே
பிறந்துவிட்டது.

கடைசிக் கதவு.
நாலு ஆணியில் மூன்று.
நின்றது.

சார்ஜரில் போட்டோம்.
சிவப்பு சிமிட்டியது, நிற்காமல்.
அடிமட்டத்துக்கும் கீழே இறங்கின பற்றரியை
அது திரும்பச் சேர்ப்பதில்லையாம்.
எண்பத்தொன்பது பிராங்க்.
பெஸ்னிக்கின் பொருள், என் கை.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
தன் புது மெசினையும் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.
அதற்கு இருந்ததும் அந்த ஒரு பற்றரிதான்.

கிழவர் லாச்சியிலிருந்து திருப்புளி கொண்டு வந்தார்.
அது சிலுவை முனை, ஆணி நட்சத்திரம்.
மெசினின் வாயிலிருந்து முனையைப் பிடுங்கி
குறட்டால் கவ்வி
கால் சுற்று, கால் சுற்று.
பதினைந்து நிமிஷம், ஓர் ஆணிக்கு.
முடிந்ததா என்றார் மதாம்.
முடிந்ததா என்றார் கணவர்.
முடிஞ்சுது என்றேன்.
இருவருக்கும் விளங்கியது.

திங்கட்கிழமை பெஸ்னிக்குக்குப் புதுப் பற்றரி கொடுத்தேன்.
எனக்கும் ஒன்று.
கறுப்புத் துண்டை எறியவில்லை,
அதன் முதுகில் ரேப் ஒட்டி
அறுபது என்று எழுதியிருக்கிறேன்.
அறுபதாவது ஆணியில் கழற்ற வேண்டும்,
எவ்வளவு நன்றாக ஓடினாலும்.
ஐம்பத்தேழு.
யாரும் இப்போது என்னோடு பேசாதீர்கள்.
ஐம்பத்தெட்டு.