ஆளுக்கு ஆறு மணி

பாரன்ட்ஸ் கடல். எழுபத்து மூன்று டிகிரி வடக்கு.
காட் மீன் பிடிக்கப் போன கப்பலில்
எனக்கும் துரோந்தூருக்கும் ஒரே அறை,
ஒரே விளையாட்டுப் பெட்டி.
பெட்டி அவனுடையது, சார்ஜர் என்னுடையது.
ஆறு மணி நேரம் அவன் மேல்தளத்தில், நான் கீழே;
அடுத்த ஆறு மணி நான் மேலே, அவன் கீழே.
ஐந்து வாரமாய் ஏணிப்படியில்தான் சந்திப்பு.
அவன் ரப்பர் கோட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்
என் பிடரியில் விழும்.
பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

விளையாட்டில் ஒரு செத்த விண்கலம், முப்பது மாடி.
கண்ணாடி உடம்புள்ள ஏதோ ஒன்று
சுவரோடு சுவராய் ஒட்டி நிற்கும்,
நகர்ந்தால் மட்டும் தெரியும்.
நம்மில் நமக்குத் தெரிவது
இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியும்.
சிப்பாய்க்கு முகமில்லை.
அது வசதியாய்ப் போயிற்று:
விடியலில் அவை அவன் கைகள்,
மதியத்தில் என் கைகள்.

ஆட்டத்தைச் சேமிக்க ஒரே இடம்தான்.
ஒருவன் விட்டதில் மற்றவன் தொடங்கவேண்டும்.
துரோந்தூர் தோட்டாவை
மீனுக்கு உப்புப் போடுகிற மாதிரி வாரி இறைப்பவன்.
நான் விழித்துத் திறந்தால்
பதினேழாம் மாடி, கதவு ஆவென்று கிடக்க,
உயிர் ஒன்பது சதவீதம்,
தோட்டா மூன்று.
நாயே, என்பேன் காலிப் படுக்கையிடம்.
நான் கஞ்சன். அலமாரி அலமாரியாய்த் துழாவி
நிரப்பிவைத்துவிட்டுத் தூங்குவேன்.
அவன் மறுபடி இறைப்பான்.

இருட்டறையில் அவன் இடது பக்கம் பார்ப்பதே இல்லை.
நீளமான தாழ்வாரமென்றால் ஓடுவான்.
பயந்தால் கூரையைச் சுடுவான்,
ஓட்டைகளை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
மனைவி இருக்கிறாளா என்றுகூடத் தெரியாத ஆளைப் பற்றி
இத்தனை தெரிந்துவைத்திருக்கக்
கொஞ்சம் கூச்சமாயிருந்தது.
என்னைப் பற்றி அவன் என்ன கண்டுவைத்திருந்தானோ.

குறி வைக்கப் பெட்டியைச் சாய்க்கவேண்டும்.
கப்பலும் சாய்க்கும்.
முதல் வாரம் முழுக்கச் சுவரைத்தான் கொன்றோம்.
பிறகு பிடிபட்டது:
அலை ஏறும்வரை பொறு,
உச்சியில் எல்லாம் ஒரு மூச்சு நிற்கும்,
அப்போது அழுத்து.
எட்டு மீட்டர் அலையில், தலைகீழாய்ப் புரளும் வயிற்றோடு
நெற்றிப்பொட்டில் அடித்திருக்கிறேன்.
பாதி அடி கடலுடையது.

நவம்பரில் ஓர் இரவு
(அங்கே நவம்பர் முழுக்க இரவுதான்)
வலை இழுக்கும் கம்பி அறுந்து
துரோந்தூரின் வலது மணிக்கட்டில் விழுந்தது.
ஹெலிகாப்டர் கூடையில் கட்டி ஏற்றும்போது
ஏதோ கத்தினான். காற்று தின்றதுபோக
என் காதுக்கு வந்தது:
"இருபத்தெட்டு... இடது..."
வலியில் உளறுகிறான் என்றாள் ரான்வா,
எங்கள் சமையல்காரி.

கீழே வந்து திறந்தேன்.
இருபத்தெட்டாம் மாடி.
உயிர் நூறு.
தோட்டா நூற்று நாற்பது,
ஒன்றுகூடச் செலவழிக்காமல்.
சிப்பாய் இடது பக்கம் திரும்பி நின்றிருந்தான்.
அணைத்துவிட்டேன்.
அன்றைய ஆறு மணியும் மறுநாள் ஆறு மணியும்
சும்மா தூங்கினேன்.

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு நாங்கள் திரும்பியபோது
மாவுக்கட்டோடு வந்து நின்றான்.
என்னைவிடக் குள்ளம் என்று அன்றுதான் தெரிந்தது.
மீன் பெட்டிமேல் உட்கார்ந்தோம்.
முடிச்சியா, என்றான்.
இல்லை, என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை, நல்லவேளை.
அவன் இடது கையால் நடத்த,
என் வலது கை சுட,
பெட்டியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு
இருபத்தெட்டாம் மாடிக்குள் போனோம்.

ஒன்றும் படவில்லை.
பதினொரு தோட்டா, பதினொன்றும் சுவரில்.
தரை அசையவே மாட்டேன் என்கிறது.
நான் வராத அலைக்காகக் காத்திருக்கிறேன்,
கண்ணாடி உடம்பு நெருங்கி வருகிறது.

"பொறு" என்றான் துரோந்தூர்.
குதிகாலை மீன் பெட்டிக்கடியில் கொடுத்து
எங்கள் இருவரையும் சேர்த்து
ஆட்டத் தொடங்கினான்.