இடது கீழ் மூலை

வலக்கையில் ஸ்பேனர் இருக்கும்,
எப்போதும்.
அதனால் போன் இடக்கைக்கு.
இதில் ஆராய என்ன இருக்கிறது?
டுலூத்தில் இருபத்தாறு வருஷமாகக் குழாய் பார்க்கிறேன்,
நிலவறைகளின் ஈரத்தில் முழங்கால் ஊன்றி,
தோளுக்கும் காதுக்கும் நடுவே
எத்தனையோ போன்களைத் தாங்கியிருக்கிறேன்.
ஒன்றும் குறை சொன்னதில்லை.

புதியது வந்தது ஜூலையில்.
முன்னும் பின்னும் கண்ணாடி,
விளிம்பைச் சுற்றி எஃகுப் பட்டை.
பட்டையேதான் ஆண்டெனாவாம்.
கடைப் பையன் அதை
நிச்சயதார்த்த மோதிரம்போல் நீட்டினான்.
இடது கீழ் மூலையில்
மயிரிழைக் கறுப்பாய் ஒரு வெட்டு.
"இந்த இடத்தில் ஏன் ஜாயின்ட்?" என்றேன்.
தொழில் புத்தி.
"அது டிசைன்" என்றான்.

எனக்குத் தெரிந்தவரை
ஜாயின்ட் என்றால் கசியும்.
இன்றில்லாவிட்டால் ஜனவரியில்.

மிஸஸ் ஓஸ்ட்பி கூப்பிட்டது ஒரு செவ்வாய்.
பாய்லர் பக்கம் சொட்டுகிறது, என்ன செய்ய?
நான் வேறொருவர் வீட்டு சிங்க்குக்கு அடியில்
மல்லாந்து கிடந்தேன்.
சொன்னேன், நிதானமாக, எழுத்தெழுத்தாக:
"சிவப்புச் சக்கரத்தைத் திருப்பி
விடாதீர்கள்."
அவருக்குப் போய்ச் சேர்ந்தது
சிவப்புச் சக்கரத்தைத் திருப்பி.
மிச்சத்தை அவரே ஊகித்துக்கொண்டார்.
சொன்னதைச் செய்கிற மனுஷி.

கம்பளம்.
இரண்டு பெட்டி போட்டோக்கள்.
இறந்த கணவரின் அக்கார்டியன்.
கம்பளத்துக்கு நான் பணம் கொடுத்தேன்.
அக்கார்டியனுக்கு எவ்வளவு என்று
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

கம்பெனிக்கு அழைத்தேன். மூன்று முறை அறுந்தது.
நான்காம் முறை போனை மேஜைமேல் கிடத்தி
அதைப் பார்த்துக் கத்தினேன்.
அந்தப் பெண் மரியாதையானவள்.
எழுதிக் கொடுத்ததைப் படித்தாள்:
எல்லாப் போன்களும் இப்படித்தான்,
பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்,
இடது கீழ் மூலையைத் தவிருங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
சரி.
கூடமே கோணலாக இருந்து
அது ஆடுகிறவளின் காலைக் குறை சொன்னால்
அதற்கொரு பழமொழி வேண்டாமா?
நான் ஒரு நாளும்
ஒரு வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை,
குழாய் நல்ல குழாய்தான்,
உங்கள் தாகத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று.

ஆகஸ்ட் கடைசியில் தபாலில் ஓர் உறை.
உள்ளே ரப்பர் வளையம்.
மன்னிப்பு இருக்கிறதா என்று
உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன்.
ஆர்வோ கினுனென் வளையத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.
"வாஷர்" என்றான்.
வேனில் இப்படி மூவாயிரம் கிடக்கிறது;
இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
மாட்டினேன்.
வேலை செய்கிறது.
அதுதான் இன்னும் எரிகிறது.

ராத்திரி சமையலறையில் அதைக் கழற்றிவிட்டு
வெட்டின்மேல் விரல் வைக்கிறேன்.
நாலு கோடு. இரண்டு. ஒன்று.
ஊரே போய்விட்டது.
விரலை எடுத்தால் தயங்கித் தயங்கித் திரும்புகிறது.
உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர் என்கிறார்கள்.
தண்ணீர் போகிற வழி எனக்குத் தெரியும்,
இறக்கம் கண்டால் இறங்கும், பள்ளம் கண்டால் தேங்கும்.
அந்த 'விடாதீர்கள்'
எனக்குள் எங்கே தேங்கி நிற்கிறது?

ஏரியில் தாதுக் கப்பல் ஊதுகிறது:
ஒரு நெடில், இரண்டு குறில்.
தூக்குப் பாலம்
அதையே பதிலாக ஊதுகிறது.
அவ்வளவு பெரிய இரும்புகள்,
ஒரு சொல் சிந்தவில்லை.

போனில் மிஸஸ் ஓஸ்ட்பியின் பதிவுச் செய்தி ஒன்று,
மாலையே வந்தது, இப்போதுதான் கேட்கிறேன்.
அக்கார்டியன் காய்ந்துவிட்டதாம்.
இரண்டு கட்டைகள் மட்டும் பேசவில்லையாம்.
அப்புறம் ஏதோ சொல்கிறார்,
என் கை
மூலைக்குப் போய்விட்டிருக்கிறது.